உலோகப் போர்வையின் உள்வழி கண்ட கார்ல் வாக்னர்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்)

பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது கறுப்புச் செதில்கள் பொலபொலவென்று உதிர்வதை நாம் எல்லோரும் எங்கேனும் ஒரு கொல்லுப்பட்டறையில் பார்த்திருப்போம். அந்தச் செதில் என்ன என்று கேட்டால் பள்ளிப் பிள்ளையும் விடை சொல்லிவிடும். இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்தது. இரும்பு ஆக்சைடு உண்டாயிற்று. ஒரே வரி. தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் அந்த ஒரு வரிக்குள் பெரியதொரு கேள்வி ஒளிந்துகொண்டிருக்கிறது.

முதல் நொடியில் இரும்பும் காற்றும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டிருந்தன, சேர்ந்தன. சரி. அடுத்த நொடியிலேயே இரண்டுக்கும் நடுவில் ஆக்சைடு என்னும் போர்வை வந்துவிட்டது. இரும்பு போர்வைக்குக் கீழே, ஆக்சிஜன் போர்வைக்கு மேலே. இனி அவை ஒன்றையொன்று தொடவே முடியாது. அப்படியிருந்தும் போர்வை தடித்துக்கொண்டே போகிறதே, அது எப்படி? ஆக்சிஜன் அதைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குகிறதா? அல்லது இரும்புதான் மேலே ஏறி வருகிறதா? கல்லைப் போன்ற ஒரு திண்மத்துக்குள் எதுதான் எப்படி நகர முடியும்?

இந்தக் கேள்விக்குக் கணக்கோடு விடை சொன்னவர் கார்ல் வாக்னர் என்னும் ஜெர்மானிய அறிஞர். நெர்ன்ஸ்ட், ஆஸ்ட்வால்ட், அரீனியஸ் என்ற பெயர்களை ஒப்பித்துப் பழகிய நமக்கு வாக்னர் என்ற பெயர் அவ்வளவு பழக்கமில்லை. ஆனால் உலோகத்தையும் பீங்கானையும் ஆராய்கின்ற கூடங்களில் இவர் பெயரைச் சொல்லாமல் ஒரு நாளும் கழிவதில்லை. திண்மநிலை வேதியியலின் தந்தை என்று இவரைப் போற்றுகிறார்கள்.

வாக்னர் 1901-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் லைப்சிக் நகரில் பிறந்தார். இயற்பியல் வேதியியலுக்கு அந்நகரம் தாய்வீடு போன்றது. ஆஸ்ட்வால்ட் அங்கே பேராசிரியராக இருந்தார். நெர்ன்ஸ்ட் அவருக்கு உதவியாளராகப் பணி செய்தார். வாக்னரின் தந்தையார் ஜூலியஸ் வாக்னரும் அந்நகரில் வேதியியல் பேராசிரியர். ஜெர்மன் புன்சன் கழகத்தின் செயலாளராகவும் இருந்தவர். பிறக்கும்போதே வேதியியல் நூல்கள் அடுக்கியிருந்த வீடு! எங்களைப் போல் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவர்களுக்கு இது சற்றுப் பொறாமை தரும் செய்திதான். மூனிக்கிலும் லைப்சிக்கிலும் படித்த வாக்னர், மாக்ஸ் லெ பிளாங்க் என்பவரின்கீழ், கரைசல்களில் நிகழும் வினைகளின் வேகத்தை ஆராய்ந்து 1924-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

கரைசலில் தொடங்கியவர் திண்மத்துக்கு வந்தது பெர்லின் நகரில் கிடைத்த ஒரு நட்பினால். அங்கே போடன்ஸ்டைனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது வால்டர் ஷாட்கி என்ற இயற்பியல் அறிஞரோடு பழக்கம் ஏற்பட்டது. வெப்ப இயக்கவியல் பற்றி ஒரு நூல் எழுதவேண்டும், சேர்ந்துகொள்ளுங்கள் என்று ஷாட்கி அழைத்தார். உலிக் என்பவரும் உடன் சேர, 1929-இல் அந்த நூல் வெளிவந்தது. அப்போது வாக்னருக்கு வயது 28. மறு ஆண்டில் வாக்னரும் ஷாட்கியும் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம். அதே 1930-இல் அவர் ஜெனா பல்கலைக்கழகத்திற்குப் போனார்.

அந்த அடித்தளத்தைச் சற்று விளக்கவேண்டும். வகுப்பில் உப்புப் படிகத்தின் மாதிரியைக் காட்டுகிறார்கள். பந்துகளும் குச்சிகளும் கொண்டு செய்தது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு பந்து, காலியிடமே கிடையாது. ஆனால் அப்படிப்பட்ட நிறைபடிகம் தனிச் சுழி வெப்பநிலையில்தான் இருக்கமுடியும். அதற்கு மேல் எந்த வெப்பநிலையிலும், எவ்வளவு தூய்மையான படிகத்திலும், சில இடங்கள் காலியாகத்தான் இருக்கும். சில அயனிகள் தம் இடத்தை விட்டு இடுக்குகளில் போய் உட்கார்ந்திருக்கும். அயனிகள் இப்படி இடுக்குகளுக்குப் போகும் என்பதை லெனின்கிராடில் பிரெங்கல் என்பவர் 1926-இல் எடுத்துக்காட்டியிருந்தார். இதைப் படிகத்தின் நோய் என்று கொள்ளாமல், வெப்ப இயக்கவியல் கட்டாயப்படுத்துகின்ற இயல்பு என்று கொண்டு, எவ்வளவு காலியிடம் இருக்கும் என்று கணக்கிட வழி வகுத்தவர்கள் வாக்னரும் ஷாட்கியும்.

காலியிடம் இருந்தால் என்ன ஆகும்? பந்தியில் நடுவே ஓர் இலையில் ஆள் எழுந்து போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலிருப்பவர் அங்கே நகர்கிறார். அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் நகர்கிறார். இப்படியே போனால் ஆட்கள் எல்லோரும் ஒரு பக்கம் நகர, காலி இலை மட்டும் எதிர்ப்பக்கம் பயணம் போகும். திண்மத்துக்குள் அயனிகள் நகர்வதும் இப்படித்தான். யாரும் யாரையும் துளைத்துக்கொண்டு போவதில்லை. இடம் இருந்தால் நகர்கிறார்கள், இல்லாவிட்டால் நிற்கிறார்கள்.

இனி உலோகப் போர்வைக்கு வருவோம். வாக்னருக்கு முன்பும் இதைப் பார்த்தவர்கள் உண்டு. கோட்டிங்கனில் இருந்த குஸ்தாவ் தம்மான் 1920-இல் ஓர் அழகான விதியைக் கண்டார். போர்வையின் தடிமனை இருமடியாக்கினால் அது காலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. அதாவது முதல் 1 மணியில் 1 மைக்ரான் வளர்ந்தால், 2 மைக்ரான் ஆக 4 மணி வேண்டும். 3 மைக்ரான் ஆக 9 மணி வேண்டும். தடிக்கத் தடிக்க வளர்ச்சி சோர்கிறது. இதையே பரவளைய விதி என்கிறோம். பில்லிங், பெட்வொர்த் என்ற இருவர் 1923-இல் இதே விதியை ஆக்சைடுகளிலும் கண்டதோடு, உண்டாகும் ஆக்சைடின் பருமன் கரைந்த உலோகத்தின் பருமனைவிடக் குறைந்தால் போர்வை உலோகத்தை மூடாது என்பதையும் சொன்னார்கள். இங்கிலாந்தில் பைல் என்பவர் 1929-இல் ஒரு சோதனை செய்தார். இரும்பின் மேல் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடைப் பூசிச் சூளையில் வைத்தார். ஆக்சிஜன் மட்டுமே உள்ளே போயிருந்தால் அந்தப் பச்சை மேலேயே நின்றிருக்கவேண்டும். அது செதிலுக்குள்ளே புதைந்து கிடந்தது! இரும்பு அதைத் தாண்டி மேலே வந்திருக்கிறது என்றுதானே பொருள்?

ஆக, எது நகர்கிறது என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. எப்படி நகர்கிறது, எவ்வளவு வேகமாக நகரும், ஏன் ஓர் உலோகத்தில் வேகமும் மற்றொன்றில் மந்தமும் என்பதற்கு மட்டும் விடை இல்லை. 1933-இல் வாக்னர் வெளியிட்ட கட்டுரை அந்த விடையைத் தந்தது.

அவர் எடுத்துக்கொண்டது இரும்பை அல்ல, வெள்ளியை. கொலுசு கறுத்துப்போவது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆவதால். ஆக்சைடுப் போர்வைக்கும் சல்பைடுப் போர்வைக்கும் வளரும் முறை ஒன்றே. ஆனால் வெள்ளியைக் கையாள்வது எளிது. அடியில் வெள்ளி, அதன் மேல் வெள்ளி சல்பைடினால் செய்த இரண்டு வில்லைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, எல்லாவற்றுக்கும் மேலே உருகிய கந்தகம். 220 டிகிரி சென்டிகிரேடில் ஒரு மணி நேரம் வைத்திருந்து எல்லாவற்றையும் தனித்தனியே எடை போட்டார். வெள்ளியின் எடை குறைந்திருந்தது. வெள்ளியைத் தொட்டுக்கொண்டிருந்த கீழ் வில்லையின் எடை மாறவில்லை. கந்தகத்தைத் தொட்டுக்கொண்டிருந்த மேல் வில்லையின் எடை கூடியிருந்தது. கந்தகம் கீழே இறங்கியிருந்தால் புதிய சல்பைடு வெள்ளியின் அருகில், கீழ் வில்லையில்தான் சேர்ந்திருக்கும். அப்படி ஆகவில்லை. வெள்ளி அயனிகள் இரண்டு வில்லைகளையும் கடந்து மேலே போய்க் கந்தகத்தைச் சந்தித்திருக்கின்றன. நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருப்பதைப் போன்ற ஒரு தராசும் ஓர் அடுப்பும் போதும் இந்தச் சோதனைக்கு. அதனால்தானோ என்னவோ, வாக்னரின் பணிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் அவருடைய பெருமை சோதனையோடு நிற்கவில்லை. போர்வையை அவர் ஒரு மின்கலமாகவே பார்த்தார். ஒரு பக்கம் உலோகம், மறுபக்கம் ஆக்சிஜன், நடுவில் மின்பகுபொருளாக ஆக்சைடு. உலோகம் எலக்ட்ரான்களை விட்டு அயனியாகிறது. மேலே ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு அயனியாகிறது. சாதாரண மின்கலத்தில் எலக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியாகப் போகும். இங்கே வெளிக்கம்பி கிடையாது. ஆகவே அந்த ஆக்சைடே மின்பகுபொருளாகவும் இருக்கவேண்டும், கம்பியாகவும் இருக்கவேண்டும். அயனிகளும் அதன் வழியே போகவேண்டும், எலக்ட்ரான்களும் போகவேண்டும். இரண்டில் எது மெதுவாகப் போகிறதோ அதுவே வளர்ச்சியின் வேகத்தைத் தீர்மானிக்கும். ஒன்று அடியோடு நின்றுவிட்டால் வளர்ச்சியே நின்றுவிடும்.

இப்படிப் பார்த்ததனால் என்ன பயன்? ஆக்சைடின் மின்கடத்து திறன், அதில் அயனியின் பங்கு எவ்வளவு எலக்ட்ரானின் பங்கு எவ்வளவு, ஆக்சைடு உண்டாவதன் கட்டிலா ஆற்றல் இவற்றை அறிந்தால், உலோகத்தைச் சூடாக்காமலே போர்வை வளரும் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம்! வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் அவர் கணக்கிட்ட எண்ணும் அளந்த எண்ணும் நெருங்கி வந்தன. மின்சாரத்தை அளந்து துருவின் வேகத்தைச் சொல்வது அன்றைக்கு விந்தையாகத்தான் இருந்திருக்கும். பிறகு 1938-இல் கிரூனெவால்ட் என்பவரோடு சேர்ந்து 1000 டிகிரியில் தாமிரத்தின் மேல் வளரும் செந்நிற ஆக்சைடையும் இப்படியே ஆராய்ந்தார். அதில் நகர்வது தாமிரம். மேல்பரப்பில் வந்து உட்காரும் ஒவ்வோர் ஆக்சிஜனும் கீழிருந்து தாமிர அயனிகளை மேலே வரவழைத்துக்கொள்கிறது. அவை விட்டு வந்த காலியிடங்கள் படிப்படியாகக் கீழே இறங்கி உலோகத்தை அடைகின்றன. உலோகம் அவற்றை நிரப்புகிறது. ஆக்சிஜன் நகராமலே தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

இரும்பின் கதையும் பெரும்பாலும் இதுவே. 1000 டிகிரியில் இரும்பின் மேல் மூன்று அடுக்குகள் உண்டாகின்றன. உலோகத்தை ஒட்டி ஃபெரஸ் ஆக்சைடு, அதன் மேல் மேக்னடைட், எல்லாவற்றுக்கும் மேல் ஃபெரிக் ஆக்சைடு. தடிமன் ஏறக்குறைய 95:4:1 என்ற விகிதம். அடியடுக்கு ஏன் அவ்வளவு தடிமன்? ஃபெரஸ் ஆக்சைடில் 100 இரும்பு இடங்களில் 5-க்கும் மேல் காலி. இரும்பு அயனிகளுக்கு அது அகன்ற நெடுஞ்சாலை. மெல்லிய மேலடுக்கில்தான் ஆக்சிஜன் கீழ்நோக்கி நகர்கிறது. என் தந்தையார் கொல்லுத்தொழில் செய்பவர். செதில் உதிர்வதைப் பார்த்து, இரும்பைக் காற்றுத் தின்கிறது என்பார். அவரிடம் இந்த விவரத்தைச் சொன்னேன். இரும்பே வெளியே போய்க் காற்றைச் சேர்கிறது என்றால், போன இடம் உள்ளே காலியாகத்தானே கிடக்கும், அதனால்தான் செதில் ஒட்டாமல் பொருக்காய்க் கழன்று விழுகிறது போலும் என்றார். உலோகம் வெளியேறுவதால் செதிலுக்கு அடியில் உள்ளீடற்ற குழிகள் விழுவதையும், அதனால் ஒட்டு தளர்வதையும் நூல்களில் பிறகுதான் படித்தேன்.

1933-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு. யூத அறிஞர்கள் பல்கலைக்கழகங்களிலிருந்து விரட்டப்பட்டார்கள். ஹாம்பர்க்கிலிருந்து ஆட்டோ ஸ்டெர்ன், கோட்டிங்கனிலிருந்து மாக்ஸ் போர்ன், ஜேம்ஸ் பிராங்க் முதலானோர் வெளியேறினார்கள். வாக்னர் அந்த ஆண்டில் ஹாம்பர்க்கில் தற்காலிகப் பணியில் இருந்தார். 1934-இல் தார்ம்ஸ்டாட் தொழில்நுட்பக் கல்லூரிக்குச் சென்றார். போர் முடியும்வரை அங்கேயே இருந்தார். 1938-இல் அங்கே டிராவுட் என்பவரோடு எழுதிய கட்டுரை, நீரில் நிகழும் அரிப்பில் இரண்டு மின்வினைகள் ஒரே பரப்பில் ஒருசேர நடக்கலாம் என்று காட்டியது. நாம் மழைக்காலத்தில் பார்க்கும் துருவுக்கு வழிகாட்டுவது இந்தக் கட்டுரைதான்; சூட்டில் வரும் செதில் வேறு, ஈரத்தில் வரும் துரு வேறு என்பதை நாம் குழப்பிக்கொள்ளக்கூடாது.

இனி ஆக்சிஜனே நகரும் கதை. இதற்கு ஒரு பழைய விளக்கு காரணமாயிற்று. நெர்ன்ஸ்ட் 1897-இல் ஒரு மின்விளக்கைக் கண்டுபிடித்தார். அதில் ஒளிர்வது கம்பி அல்ல. சிர்க்கோனியம் ஆக்சைடில் சுமார் 15 விழுக்காடு இட்ரியம் ஆக்சைடு கலந்து செய்த ஒரு சிறு பீங்கான் குச்சி. ஏற்கெனவே ஆக்சைடாக இருப்பதால் அது மேலும் எரிந்துபோக வழியில்லை; ஆகவே கண்ணாடிக் குமிழில் வெற்றிடம் வேண்டாம். ஆனால் முதலில் சூடு காட்டினால்தான் மின்சாரம் பாயும். குளிர்ந்த நிலையில் மின்கடத்தாப் பொருள், சூட்டில் கடத்தி. இது எப்படி என்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெளிவான விடை இல்லை. டங்ஸ்டன் கம்பி விளக்கு வந்ததும் நெர்ன்ஸ்டின் விளக்கு கடைகளிலிருந்து மறைந்தது. கேள்வி மட்டும் மறையவில்லை.

1943-இல், போரின் நடுவே, வாக்னர் ஒரு சிறு கட்டுரையில் விடை சொன்னார். சிர்க்கோனியத்தின் மின்னேற்றம் 4. இட்ரியத்தின் மின்னேற்றம் 3. இரண்டு சிர்க்கோனியத்தின் இடத்தில் இரண்டு இட்ரியம் உட்கார்ந்தால் 2 நேர்மின்னேற்றம் குறைகிறது. படிகம் நடுநிலையாக இருக்கவேண்டுமே! ஆகவே 2 எதிர்மின்னேற்றம் கொண்ட ஓர் ஆக்சிஜன் அயனி தன் இடத்தைக் காலி செய்தாகவேண்டும். இரண்டு இட்ரியத்துக்கு ஓர் ஆக்சிஜன் காலியிடம். பள்ளிக்கூடக் கணக்கு! ஆனால் அதன் பொருள் மிகப் பெரிது. குச்சி முழுவதும் ஆக்சிஜன் காலியிடங்கள் நிறைந்திருக்கின்றன. சூடு ஏறியதும் ஆக்சிஜன் அயனிகள் பந்தியில் நகர்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. குச்சிக்குள் பாய்ந்தது எலக்ட்ரான் மின்சாரம் அன்று, ஆக்சிஜனின் மின்சாரம்.

சிர்க்கோனியம் உலோகத்தின் மேல் வளரும் போர்வையிலும் நகர்வது ஆக்சிஜன்தான். தாமிரத்துக்கு நேர்மாறாக, இங்கே புதிய ஆக்சைடு உண்டாவது போர்வையின் அடியில், உலோகத்தை ஒட்டிய எல்லையில். இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. கல்பாக்கத்து சென்னை அணுமின் நிலையத்தின் கனநீர் உலைகள் உட்படப் பல உலைகளில் யுரேனிய எரிபொருளைப் பொதிந்து வைக்கும் குழாய்கள் சிர்க்கோனியக் கலவையால் ஆனவை. சுற்றியுள்ள சுடுநீரிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு அவற்றின் மேல் ஆக்சைடு மெல்ல வளர்கிறது. அதன் வழியே ஆக்சிஜன் இறங்கும் வேகமே குழாயின் ஆயுள் கணக்கில் ஒரு பங்கு. வழக்கமான வெப்பநிலையில் அந்த வேகம் மிகக் குறைவு. குளிர்விக்கும் நீர் நின்றுபோய் 1000 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் அது பயங்கர வேகம் பிடிக்கும்; ஆக்சிஜனை இழந்த நீராவி ஹைட்ரஜனாகும். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் உலைக் கட்டடங்களைப் பிளந்து எறிந்த வெடிப்புகள் இப்படி உண்டான ஹைட்ரஜனால் நேர்ந்தவை.

இதே கூட்டல் கழித்தல் கணக்கு வேறோர் இடத்திலும் பலித்தது. நிக்கல் ஆக்சைடில் காலியாக இருப்பவை நிக்கல் இடங்கள். அதில் மின்னேற்றம் 3 உடைய குரோமியம் இரண்டு நுழைந்தால், மிகுதியாகும் 2 நேர்மின்னேற்றத்தைச் சரிக்கட்ட மேலும் ஒரு நிக்கல் இடம் காலியாகும். காலியிடம் கூடினால் நிக்கல் விரைவாக நகரும். ஆகவே நிக்கலோடு சிறிதளவு குரோமியம் சேர்த்தால் அது முன்னிலும் வேகமாக ஆக்சைடாகும் என்கிறது கணக்கு. அப்படித்தான் ஆகிறது! பாதுகாப்புக்காகச் சேர்த்த குரோமியமே கேடு செய்கிறது. ஆனால் 20 விழுக்காடு அளவுக்குச் சேர்த்தால் கதை மாறுகிறது. அப்போது நிக்கல் ஆக்சைடுக்குப் பதில் குரோமியம் ஆக்சைடே தொடர்ச்சியான போர்வையாக மூடிக்கொள்கிறது. அதில் நகர்ச்சி மிகக் குறைவு. நம் வீட்டுச் சலவைப் பெட்டியிலும் மின்அடுப்பிலும் உள்ள நிக்ரோம் கம்பி செஞ்சூட்டிலும் ஆண்டுக்கணக்கில் தாங்குவது இதனால்தான். இப்படிப்பட்ட காப்புப் போர்வை உண்டாகக் கலவையில் குறைந்தது எவ்வளவு பங்கு வேண்டும் என்பதையும் 1952-இல் வாக்னர் கணக்கிட்டார்.

ஆண்டுகளில் சற்று முந்திப் போய்விட்டேன். 1944 செப்டம்பர் 11 இரவு குண்டுவீச்சில் தார்ம்ஸ்டாட் நகரின் நடுப்பகுதி எரிந்து அழிந்தது. மறு ஆண்டு ஜெர்மனி தோற்றது. வெற்றி பெற்ற அமெரிக்கா ஜெர்மானிய அறிஞர்களைத் தேடித் தேடித் தன் நாட்டுக்குக் கொண்டுசென்றது. வாக்னரும் டெக்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் பிளிஸ் என்ற இராணுவத் தளத்துக்குச் சென்று, வெர்னர் ஃபான் பிரவுனின் ராக்கெட் குழுவினரோடு எரிபொருள்களின் வெப்ப இயக்கவியலில் ஆலோசகராக இருந்தார். இந்தப் பகுதியை வாழ்க்கைக் குறிப்புகள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அது சரியென்று படவில்லை. அந்தக் குழுவின் வி-2 ராக்கெட்டுகளை ஜெர்மனியில் செய்தவர்கள் மிட்டல்பாவ்-டோரா முகாமின் கைதிகள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் அங்கே மாண்டார்கள். வாக்னர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர்தான். ஆயினும் அவருக்கு அமெரிக்காவின் கதவைத் திறந்தது அந்த ராக்கெட்டுதான் என்பதையும் அவர் புகழோடு சேர்த்தே எழுதவேண்டும்.

1949-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வருகைப் பேராசிரியரானார். 1955 முதல் 1958 வரை உலோகவியல் பேராசிரியர். 1951-இல் அமெரிக்க மின்வேதியியல் கழகம் தன் பல்லேடியம் பதக்கத்தை முதன்முதலாக அவருக்கு வழங்கியது. நோபல் பரிசு மட்டும் கடைசிவரை வரவில்லை.

1957-இல் கியுக்கோலா என்பவரோடு அவர் செய்த வேலையைச் சொல்லாமல் விட முடியாது. நெர்ன்ஸ்ட் குச்சியின் இரகசியம் அறிந்தவர் அதையே கருவியாக்கினார். கால்சியம் கலந்த சிர்க்கோனியா வில்லையின் ஒரு பக்கத்தில் ஓர் உலோகமும் அதன் ஆக்சைடும், மறுபக்கத்தில் வேறோர் உலோகமும் அதன் ஆக்சைடும். வில்லையின் வழியே ஆக்சிஜன் அயனிகள் மட்டும் போகலாம், எலக்ட்ரான்களுக்கு வழியில்லை. இரு பக்கத்து ஆக்சிஜன் அழுத்த வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் தோன்றுகிறது. அதை அளந்தால் ஆக்சைடின் கட்டிலா ஆற்றல் கிடைத்துவிடும். 1933-இல் போர்வையை மின்கலமாகக் கற்பனை செய்தார். 1957-இல் அந்த மின்கலத்தையே மேசைமேல் வைத்துவிட்டார்.

கோட்டிங்கனில் மாக்ஸ் பிளாங்க் இயற்பியல் வேதியியல் நிறுவனத்தின் தலைவர் பான்ஹோஃபர் 1957-இல் மறைந்தார். அவருடைய இடத்துக்கு 1958-இல் வாக்னர் தாய்நாடு திரும்பினார். மறு ஆண்டே, ஆக்சிஜன் போர்வையோடு நிற்காமல் உலோகத்துக்குள்ளேயே கரைந்து இறங்கி அங்கே ஆக்சைடுத் துகள்களை விதைக்கும் உள்ளாக்சைடாதல் பற்றி எழுதினார். வெள்ளியோடு சிறிது காட்மியம் கலந்து சூடாக்கினால் இப்படி நடக்கும். மின்தொடு முனைகளை இம்முறையில் செய்திருக்கிறார்கள்.

வாக்னரின் கணக்கு எல்லா இடத்திலும் அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. போர்வை தடிமனாக, வெடிப்பும் துளையும் இல்லாமல், நன்கு ஒட்டியிருக்கவேண்டும். சூடும் போதுமான அளவு வேண்டும். அலுமினியப் பாத்திரத்தின் மேல் அறை வெப்பநிலையில் உண்டாகும் மிக மெல்லிய படலத்துக்கு இது செல்லாது. அதற்குக் கப்ரேரா, மாட் என்ற இருவர் 1949-இல் வேறு விளக்கம் தந்தார்கள். பிற்காலத்தில் ஆக்சிஜன்-18 என்ற கனத்த ஐசோடோப்பை அடையாளமாக வைத்துத் தேடியபோது, அலுமினியம் ஆக்சைடுப் போர்வை போன்றவற்றில் ஆக்சிஜன் படிகத்தின் ஊடே போவதைவிட, படிகமணிக்கும் படிகமணிக்கும் நடுவிலுள்ள எல்லைக் கோடுகளின் வழியாகவே பெரிதும் இறங்குகிறது என்று தெரிந்தது. நெடுஞ்சாலையைவிடச் சந்துகளில் நடமாட்டம் அதிகம்! நிறைபடிகத்துக்கு அவர் போட்ட கணக்கு இந்தச் சந்துகளைக் கண்டுகொள்ளவும் அளவுகோலாக நின்றது. கணக்கிட்டதைவிட வளர்ச்சி மிகும்போதுதானே வேறு வழியும் இருக்கிறது என்று தேடத் தோன்றும்?

1966-இல் ஓய்வு பெற்ற பின்னும் வாக்னர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1975-இல் கூட, 74 வயதில், திண்ம ஆக்சைடுகளிலும் சல்பைடுகளிலும் நிகழும் நகர்ச்சியின் சமன்பாடுகளை விரிவாக எழுதி வெளியிட்டார். மறு ஆண்டு ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் கார்களின் புகைக்குழாயில் பொருத்தும் ஆக்சிஜன் உணர்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் நெஞ்சாக இருப்பது இட்ரியம் கலந்த சிர்க்கோனியா. ஒரு பக்கம் புகை, மறுபக்கம் காற்று. நடுவில் ஆக்சிஜன் அயனிக்கு மட்டும் வழி. தோன்றும் மின்னழுத்தத்தைப் பார்த்து எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள். நம் நாட்டில் பி.எஸ்.6 விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், கல்லூரி வாசலில் நிற்கும் புதிய மோட்டார் சைக்கிள்களின் புகைக்குழாயிலும் இத்தகைய ஓர் உணர்கருவியைக் காணலாம். வண்டிக்காரர் மறுக்காவிட்டால் குனிந்து பார்க்கலாம்.

1977-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் கோட்டிங்கன் நகரில் கார்ல் வாக்னர் காலமானார். அப்போது அவருக்கு வயது 76.